மூவரும் இறங்கியாயிற்று

அத்தியாயம் 11

ஆறு நாளாக அந்தப் படம் அவளுடைய கைபேசியில் இருந்தது. ஆறு நாளாக அவள் அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. கணவனிடம்கூட.

மலையடிவாரக் குடிலில் இருக்கும் வருகைப் பதிவேட்டின் ஒரு பக்கம் அது. மலையேறுகிறவர்கள் போகும்போது ஒரு கையெழுத்து, இறங்கியதும் ஒரு கையெழுத்து போட வேண்டும். அவளும் கணவனும் அண்ணனும் ஏறிய நாளின் பக்கத்தில், பிற்பகல் இரண்டு பத்துக்கு, அண்ணன் கைப்பட எழுதியிருந்தான்: மூவரும் இறங்கியாயிற்று.

அந்த நேரத்தில் அவளும் கணவனும் உச்சிக்குக் கீழே பனிக்காற்றில் வழி தேடிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் நடந்ததெல்லாம் ஊருக்கே தெரியும். நடுவழிக் கொட்டகையில் அண்ணன் காத்திருப்பான், படுக்கைப் பையும் அடுப்பும் அவனிடம் இருக்கும் என்று நம்பி இறங்கி வந்தார்கள். கொட்டகையில் அண்ணனும் இல்லை, பையும் இல்லை. அவளுடைய கையுறை நனைந்து போயிருந்ததால் கணவன் தன்னுடையதைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டான். மறுநாள் மதியம் மீட்புக்குழு வந்து சேர்ந்தபோது அவன் வலது கையின் இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. மருத்துவமனையில் அவற்றை எடுத்துவிட்டார்கள்.

ஆனால் ஊருக்குத் தெரிந்த கதையில் அண்ணன்தான் நாயகன். இவர்களைத் தேடிப் பையோடு மேலே போய், காணாமல் உதவி கேட்கக் கீழே இறங்கினான், பனியில் வழி தவறினான், ராத்திரி முழுக்க அலைந்தான், காலை பதினொரு மணிக்குக் குடிலுக்கு வந்து தகவல் சொல்லி இருவரையும் காப்பாற்றினான். முதல் நாள் இருந்த காவலாளி மாலையிலேயே மாறிவிட்டார். புதிதாக வந்தவர் முந்தின பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. நாலு மாதம் கழித்து, மீட்புக்குழுவுக்கு நன்றி சொல்லப் போன இடத்தில், அவள்தான் திருப்பிப் பார்த்தாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அண்ணனைக் கூப்பிட்டாள்.

“அண்ணா, இன்னிக்கு ஏரிக்குப் போறோம். நீயும் வாயேன்.”

“என்னையா கூப்பிடற? அதுவும் தண்ணிக்கா? எனக்கு நீச்சல் தெரியாதுன்னு தெரியுமில்ல?”

“லைஃப் ஜாக்கெட் போட்டா போதும். அவரு மறுபடி வெளியே வர்றதே இன்னிக்குதான். நீ இருந்தா அவருக்குத் தைரியமா இருக்கும்.”

அந்தக் கடைசி வார்த்தை வேலை செய்தது. “சரி குட்டி, வந்துடறேன்,” என்றான் அண்ணன். குரலில் ஒரு பெருமை.

அவள் கைபேசியை வைத்துவிட்டுக் கார் சாவியை எடுத்தாள்.

---

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் மற்ற ஜோடிகள் வாரக்கடைசியில் கடைகடையாக ஏறி இறங்கியபோது, இவர்கள் மலை ஏறி இறங்கினார்கள். அவளுக்கு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. ஐந்து நாளும் ஜன்னல் இல்லாத அறை. அவன் லிஃப்ட் மெக்கானிக். ஐந்து நாளும் இருட்டுக் குழிக்குள். சனிக்கிழமை விடிந்தால் இருவருக்கும் வானம் வேண்டும்.

அவர்கள் வீட்டு அலமாரியில் தட்டுகளைவிடக் கயிறுகள் அதிகம். குளியலறைக் கதவில் எப்போதும் ஒரு கூடாரம் காய்ந்துகொண்டிருக்கும். “உங்க வீட்டுக்கு விருந்துக்கு வந்தா சோறு போடுவீங்களா, கயித்துல கட்டித் தொங்க விடுவீங்களா?” என்று அண்ணி கேலி செய்வாள்.

விரல்கள் போன பிறகு மெக்கானிக்கை நிறுவனம் தொலைபேசி மேசையில் உட்கார வைத்துவிட்டது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் பதறிக்கொண்டு கூப்பிடுவார்கள். “பயப்படாதீங்க, ஆள் கிளம்பிட்டாங்க, நான் லைன்லயே இருக்கேன்” என்று நாள் பூராவும் சொல்வதுதான் இப்போது அவன் வேலை. வீட்டுக்கு வந்தால் அவன் பேசுவதே குறைவு.

காரில் பின்னால் உட்கார்ந்திருந்த அண்ணன் வழி நெடுக அவனுக்கும் சேர்த்துப் பேசினான்.

“மாப்ள, கை எப்படி இருக்கு?”

“பரவாயில்ல மச்சான். குளிர்ல கொஞ்சம் இழுக்கும்.”

“எல்லாம் சரியாயிடும். உயிர் தப்பினதே பெரிய விஷயம்.”

“உங்களாலதான் மச்சான்.”

காரை ஓட்டிக்கொண்டிருந்த அவள் கண்ணாடியில் அண்ணனைப் பார்த்தாள். அவன் அடக்கமாகச் சிரித்து, வெளியே பார்த்தான். நாலு மாதத்தில் இந்த வாக்கியத்தைக் கணவன் எத்தனை முறை சொல்லியிருப்பான்! சொல்லும் ஒவ்வொரு முறையும் அண்ணன் இப்படித்தான் சிரித்திருக்கிறான்.

ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தாள்.

---

ஏரிக்கரையில் ஆள் நடமாட்டம் இல்லை. சீசன் முடியும் நேரம். படகுத்துறைக்காரர் கனத்த கம்பளித் தொப்பியோடு வந்து, இரண்டு பேர் உட்காரும் ஒடுக்கமான கயாக் படகு ஒன்றும், ஒருவர் உட்காரும் கயாக் ஒன்றும் தள்ளிவிட்டார். மதியத்துக்கு மேல் காற்று வலுக்கும், அதற்குள் திரும்பிவிடுங்கள் என்றார்.

“போனை கார்லயே வச்சிடு அண்ணா. தண்ணி பட்டா போச்சு,” என்றாள்.

அண்ணன் கீழ்ப்படிந்தான்.

முன்னால் அவள், பின்னால் மெக்கானிக். மூன்று விரலால் துடுப்பைப் பிடிக்க முதலில் தடுமாறினான். நூறு அடி போவதற்குள் தோள் தன் பழைய வேலையை நினைவுபடுத்திக்கொண்டது. “முடியுது!” என்றான் குழந்தை மாதிரி. நாலு மாதத்தில் அவள் கேட்ட முதல் சந்தோஷக் குரல். இன்றைக்கு வேண்டாம், விட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

அந்த நேரம் பார்த்து அண்ணன் பக்கத்தில் வந்து, “நான்தான் சொன்னேனே மாப்ள, என்னை நம்பினவன் கெட்டுப் போனதில்ல,” என்றான்.

அவள் துடுப்பை ஆழமாகப் போட்டாள்.

ஏரி நடுவில் ஒரு சின்னத் தீவு. ஏழெட்டு மரம், ஒரு பாறை, கொஞ்சம் கூழாங்கல் கரை. மூவரும் இறங்கி ரொட்டியும் முட்டையும் தின்றார்கள். துடுப்புப் போட்டு வேர்த்துப் போயிருந்த அண்ணன், கோட்டைக் கழற்றித் தன் படகுக்குள் போட்டுவிட்டு, மரத்தடியில் கால் நீட்டிச் சாய்ந்தான்.

“அம்மாடி! இதுக்குத்தான் வாரா வாரம் ஓடறீங்களா? நல்லாத்தான் இருக்கு,” என்று கண்ணை மூடினான்.

அவள் எழுந்தாள். “வாங்க, அந்தப் பக்கம் ஒரு சுத்துச் சுத்திட்டு வரலாம்,” என்று கணவனைக் கூப்பிட்டாள். அவன் படகில் ஏறியதும் அண்ணனின் படகை இவர்கள் படகின் வாலில் கட்டினாள். நாலு இழுப்பில் முப்பது அடி வந்துவிட்டார்கள்.

“அவர் படகை எதுக்குக் கட்டியிருக்க?” என்று மெக்கானிக் திரும்பிப் பார்த்தான்.

 அவள் கரையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“அண்ணா!”

அண்ணன் கண் திறந்தான். தண்ணீரைப் பார்த்தான், படகுகளைப் பார்த்தான். சிரித்துக்கொண்டே எழுந்து வந்தான். “என்ன குட்டி, விளையாட்டா?”

“இரண்டு பத்துக்கு எங்கே இருந்தே?”

“என்ன?”

“நாங்க மலை மேல இருந்த அன்னிக்கு. மதியம் இரண்டு பத்து. எங்கே இருந்தே?”

சிரிப்பு அண்ணன் முகத்தில் அப்படியே நின்றது, எடுத்து வைக்க இடம் தெரியாமல். “கொட்டகையில… உங்களுக்காகக் காத்துக்கிட்டு… அதான் எத்தனையோ தரம் சொல்லியிருக்கேனே.”

அவள் கைபேசியை எடுத்துக் கணவன் கையில் கொடுத்தாள். அவன் பார்த்தான். விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். மறுபடி பார்த்தான்.

“இது மச்சான் எழுத்து,” என்றான் மெதுவாக.

“ஆமாம்.”

“மூணு பேரும் இறங்கிட்டோம்னு எழுதியிருக்கு.”

“ஆமாம். அதனாலதான் அன்னிக்கு ராத்திரி யாரும் தேடி வரல. தேடறதுக்கு ஆளே இல்லைன்னு நெனச்சிருக்காங்க.”

அவள் கரைப் பக்கம் திரும்பினாள்.

“அண்ணா, நீயா சொல்றியா, இல்ல நாங்க கிளம்பவா? உன் கோட்டும் எங்ககிட்டதான் இருக்கு.”

“குட்டி, கேளு… அந்தக் காவலாளி அவசரப்படுத்தினான். தப்பா எழுதிட்டேன்…”

அவள் துடுப்பைத் தண்ணீரில் வைத்தாள்.

“இரு! இரு, சொல்றேன்.” அண்ணன் முழங்கால் வரை தண்ணீரில் இறங்கி, குளிரில் துள்ளி, பின்வாங்கினான். “எனக்குக் கோவம். போதுமா? அன்னிக்குக் காலைல நான் பனியில வழுக்கி உட்கார்ந்தேனில்ல? உன் புருஷன் அதைப் படம் எடுத்து குடும்ப குரூப்புல போட்டான். அப்பா சிரிக்கிறார், சித்தப்பா சிரிக்கிறார், என் பிள்ளைங்க சிரிக்குது. உங்களை இந்த நாட்டுக்குக் கூட்டிட்டு வந்ததே நான். வேலை வாங்கிக் குடுத்தது நான். கொட்டகையில உட்கார்ந்து ஒவ்வொண்ணாப் படிச்சேன். பொறுக்க முடியல.”

“அதுக்கு?”

“பையை எடுத்துக்கிட்டு இறங்கிட்டேன். ஒரு ராத்திரி நடுங்கட்டும்னு நெனச்சேன். கீழே காவலாளி மத்தவங்க எங்கேன்னு கேட்டான். இன்னும் இறங்கலைன்னு சொன்னா தேடறதுக்கு என்னையும் மேலே கூப்பிடுவான். அதான் எழுதிட்டேன். காத்து அப்படி மாறும்னு எனக்கு என்ன தெரியும்?”

“காத்து மாறினப்ப எங்கே இருந்தே?”

“கார்ல. ராத்திரி பூரா கார்லயே கிடந்தேன். பயத்துல தூக்கமே இல்ல. சத்தியமா.”

அவள் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது காரணம். சொத்தா, பகையா, ஏதோ பெரிதாக இருக்கும் என்று ஆறு நாளாக யோசித்து வைத்திருந்தாள். ஒரு சிரிப்புக்கு இரண்டு விரல்!

அவள் திட்டம் இவ்வளவுதான்: அண்ணன் வாயால் உண்மை வர வேண்டும், அதைக் கணவன் கேட்க வேண்டும். அப்புறம் ஒரு மணி நேரம் அவனைத் தீவில் தனியாக விட வேண்டும். குளிர் என்றால் என்ன, காத்திருப்பது என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளட்டும். பிறகு கூட்டி வந்துவிடலாம்.

இதைக் கேட்டால் கணவன் எப்படி மாறுவான் என்று மட்டும் அவள் யோசிக்கவில்லை. அவன் சாது. வண்டியில் யாராவது உரசினால்கூட இவன்தான் மன்னிப்புக் கேட்பான்.

“நாலு மாசம்,” என்றான் மெக்கானிக். அண்ணனைப் பார்த்துத்தான் சொன்னான். “நாலு மாசமா நான் உனக்கு நன்றி சொல்லிக்கிட்டு இருக்கேன்.”

கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக ‘நீ’ என்றான்.

“மாப்ள…”

“ஒரு தடவையாவது போதும்னு சொல்லியிருக்கலாமே.”

அவ்வளவுதான். அவன் துடுப்பைப் போட்டான்.

---

இதற்கு முன் அவன் அப்படித் துடுப்புப் போட்டு அவள் பார்த்ததில்லை. பின்னால் அண்ணனின் குரல் முதலில் கோபமாக, பிறகு கெஞ்சலாக வந்தது. பிறகு காற்று அதை எடுத்துக்கொண்டது.

“ஒரு மணி நேரம் கழிச்சு வரலாம், சரியா?” என்றாள் அவள், திரும்பாமல்.

மெக்கானிக் துடுப்பை இன்னும் ஆழமாகப் போட்டான்.

அவர்கள் துறையில் ஏறிய பிறகுதான் படகுக்காரர் சங்கிலியோடு தன் அறையிலிருந்து வந்தார். ஏரியில் நுரை எழும்ப ஆரம்பித்திருந்தது. இரண்டு படகும் வந்ததைப் பார்த்து அவர் முகம் தெளிந்தது. “கடையை மூடப் போகிறேன். எல்லோரும் வந்துவிட்டீர்கள் அல்லவா?” என்று அந்த ஊர் மொழியில் கேட்டார்.

அவள் வாய் திறப்பதற்குள் மெக்கானிக் சொன்னான்: “வந்தாச்சு.”

படகுக்காரர் தலையசைத்துப் படகுகளைக் கட்டப் போனார்.

இந்த முறை ஸ்டியரிங் முன்னால் ஏறிய அவன் ஹீட்டரைப் போட்டான். இரண்டு கையையும் அதன் முன்னால் நீட்டினான். எட்டு விரல்.

“என்னங்க இது? ஒரு மணி நேரம்னுதான் நான் நெனச்சேன்.”

“நான் ஒரு ராத்திரின்னு நெனச்சிருக்கேன்.”

“காத்து ஏறுது. கோட்டு இல்ல. போன் இல்ல. அவனுக்கு நீந்தவும் தெரியாது.”

“நீந்தச் சொல்லலையே. உட்காரட்டும். நாம உட்காரலையா?”

அவள் வாதாடியிருக்க வேண்டும். ஆனால் பேசாமல் அந்த வெதுவெதுப்பில் உட்கார்ந்திருந்தாள். உண்மையைச் சொல்வதானால், அவளுக்கு அது பிடித்திருந்தது. கண்ணாடிக்கு வெளியே மரங்கள் வளைவதைப் பார்க்கப் பிடித்திருந்தது. இப்போது கை மரத்துப் போயிருக்கும், இப்போது பல் கிட்டியிருக்கும் என்று கணக்குப் போடப் பிடித்திருந்தது. அந்தக் கொட்டகையில் கணவனின் கையைத் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டு விடிய விடிய அவள் தேய்த்த தேய்ப்பு அவளுக்குத்தானே தெரியும்!

இருபது நிமிடம் அப்படிப் போனது.

மெக்கானிக் காரைக் கிளப்பினான். “போலாம்.”

அந்த வார்த்தையில்தான் அவளுக்கு உறைத்தது. இவன் நிஜமாகவே போகிறான்.

“நிறுத்துங்க.”

“மனசு இளகிடுச்சா?”

“இல்ல. அவன் செத்துட்டா தப்பிச்சுடுவான். எல்லாரும் அழுவாங்க. கடைசி வரைக்கும் அவன்தான் நம்மளைக் காப்பாத்தினவன். எனக்கு அது வேண்டாம். அவன் உயிரோட இருந்து, அப்பா அம்மா முன்னால, தன் வாயால சொல்லணும்.”

அவன் கை நீட்டி அவள் பக்கக் கதவைத் திறந்துவிட்டான்.

“உன் வழி உனக்கு. எனக்கு வேற ஒரு இடம் போகணும்.”

அவள் இறங்கினாள். கார் கிளம்பிப் போயிற்று. போகும்போது அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

---

படகுக்காரர் விஷயத்தைக் கேட்டதும் அவளை ஒரு பார்வை பார்த்தார். மோட்டார் படகின் கயிற்றை அவிழ்த்தார். அவள் அண்ணனின் கோட்டையும், அதற்கு மேல் தன் கோட்டையும் கையில் வைத்திருந்தாள். அலை முகத்தில் அடித்தது; மோட்டார் இரண்டு முறை நின்று, தீவை அடைய முக்கால் மணி நேரம் ஆயிற்று.

அண்ணன் பாறைக்குப் பின்னால் சுருண்டு உட்கார்ந்திருந்தான். உதடு நீலம். இடுப்பு வரை நனைந்திருந்தது. எங்கேயோ நடந்து கடக்க முடியுமா என்று பார்த்திருக்கிறான். அவளைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தான். கால் ஒத்துழைக்கவில்லை.

அவளும் படகுக்காரருமாகத் தூக்கிப் படகில் ஏற்றினார்கள். கோட்டைப் போர்த்தினாள். கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாகப் பார்த்தாள். தொழில் பழக்கம். பத்தும் சிவப்பாக, நன்றாக இருந்தன. அதில் அவளுக்கு நிம்மதி வந்ததா, எரிச்சல் வந்ததா என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை.

“எ…எனக்குத் தெரியும் குட்டி. நீ வருவேன்னு.”

“உன்னைக் காப்பாத்த வரல. நாளைக்கு அப்பாவுக்கு போன் போட்டு நீ சொல்லப் போற. நான் பக்கத்துல உட்கார்ந்து கேக்கப் போறேன். அதுக்காக வந்தேன்.”

“சொல்றேன். சொல்றேன். எங்கிட்ட இனிமே மறைக்க ஒண்ணும் இல்ல.”

அவன் சொன்னதை அவள் நம்பினாள். குளிரில் பல் அடித்துக்கொள்கிறவன் பொய் சொல்ல மாட்டான் என்று நினைத்தாள்.

கைபேசி அடித்தது. அண்ணி.

மருத்துவமனையில் பதினோரு நாள் கூடவே இருந்தவள் அண்ணி. மெக்கானிக்குக்குக் கரண்டியால் ஊட்டிவிட்டவள். இவளுக்குத் துணி துவைத்துப் போட்டவள். இந்த ஊரில் கூடப்பிறந்த அக்கா மாதிரி. இந்த விஷயம் தெரிந்தால் அண்ணி உடைந்துவிடுவாளே என்றுதான் ஆறு நாளும் அவள் தயங்கினாள்.

பெயரைப் பார்த்ததும் அண்ணன் கோட்டிலிருந்து கையை வெளியே எடுத்தான். “எடுக்காதே. கரைக்குப் போய்ப் பேசிக்கலாம்.”

அவள் அவனை விநோதமாகப் பார்த்துவிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். மோட்டார் இரைச்சலுக்கு மேல் அண்ணியின் குரல் தாழ்ந்து, அவசரமாக வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிற குரல்.

“எங்கே இருக்கீங்க? உன் அண்ணன் போனை எடுக்க மாட்டேங்கிறார். உன் வீட்டுக்காரர் இங்கே வந்து ஹால்ல உட்கார்ந்திருக்கார். தண்ணிகூட வேணாம்கிறார்.”

“என்ன சொல்றார் அண்ணி?”

“ஒரே கேள்வியைக் கேட்டுக்கிட்டு இருக்கார். அந்த மலை ராத்திரி உன் அண்ணன் வீட்டுக்கு எத்தனை மணிக்கு வந்தார்னு.” குரல் இன்னும் தாழ்ந்தது. “உன் அண்ணன் பக்கத்துல இருந்தா குடு. நான் என்ன சொல்லணும்னு கேக்கணும்.”

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

காரில் படுத்திருந்தேன் என்றான். சத்தியமா என்றான். அப்படியென்றால் அன்று ராத்திரி அவன் வீட்டில்தான் படுத்திருக்கிறான். விளக்கை அணைத்துவிட்டு, பக்கத்தில் மனைவியோடு, போர்வைக்குள். மறுநாள் பதினொரு மணிக்குள் சொல்ல வேண்டிய கதையை இரண்டு பேரும் சேர்ந்து யோசித்திருக்கிறார்கள்.

பதினோரு நாள் கரண்டியால் ஊட்டிய கை.

படகு ஒரு அலையில் ஏறி இறங்கியது. அவள் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள்; வரவில்லை.

“அண்ணி,” என்றாள், நிதானமாக. “போனை அவர்கிட்ட குடுங்க.”

கதவு திறக்கும் சத்தம். நடக்கும் சத்தம். பிறகு மெக்கானிக்கின் குரல். நாள் பூராவும் மேசையில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டவர்களுக்குச் சொல்வானே, அதே அமைதியான குரல்.

“சொல்லு.”

“அண்ணிக்கும் தெரியும்,” என்றாள். “அவங்க வாயால சொல்ற வரைக்கும் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்காதீங்க. நான் இவனைக் கூட்டிக்கிட்டு அங்கேதான் வர்றேன்.”